கார் இல்லாமல் டிரைவ்-இன்னுக்குப் போனவர்கள்

1

நம் பேச்சில் 'ஹோட்டல்' என்பது பெரும்பாலும் தங்குகிற இடமல்ல, சாப்பிடுகிற இடம். 'இன்னிக்கு ஹோட்டல்லதான்' என்று ஒருவர் சொன்னால் அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று புரிந்துகொள்கிறோம். தங்குவதற்கு லாட்ஜ், மேன்ஷன், சத்திரம் என்று வேறு சொற்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த ஒரு சொல் இங்கே வேறு பொருளை எடுத்துக்கொண்டதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. வீட்டுக்கு வெளியே, யாரோ சமைத்ததை, யார் பக்கத்திலோ உட்கார்ந்து தின்பது என்பது இந்தச் சமூகத்துக்குப் படுக்க இடம் தேடுவதைவிடப் பெரிய பிரச்சினையாக இருந்திருக்கிறது.

சென்னை கதீட்ரல் சாலையில், ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே, பெரிய மரங்களுக்கு நடுவில் 1962 முதல் 2008 வரை இயங்கிய வுட்லண்ட்ஸ் டிரைவ்-இன் அப்படியொரு ஹோட்டல். அது மூடப்பட்டபோது நிறைய நினைவுகள் எழுதப்பட்டன. நான் படித்தவற்றில் பல ஒரே காட்சியில் தொடங்கின: அப்பா ஓட்டிவந்த ஃபியட் கார், பின் இருக்கையில் குழந்தைகள், கண்ணாடியை இறக்கியதும் கதவில் மாட்டப்படும் தட்டு, அதில் ஆவி பறக்கும் தோசை. அழகான காட்சிதான். பொய்யும் கிடையாது. ஆனால் அந்தக் காட்சிக்குள் நான் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் அங்கே போய்வந்திருக்கிறேன். ஒரு தடவைகூடக் காரில் போனதில்லை. பஸ்ஸில் இறங்கி நடந்து போவேன், அல்லது எவனாவது நண்பனின் சைக்கிளில். என்னைப் போல எத்தனையோ பேர் போனார்கள்.

அந்த ஹோட்டலை நான் நேசித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்தடி நிழல், டிகாக்‌ஷன் வாசனை, தட்டிலிருந்து வடையைத் தூக்கிக்கொண்டு பறக்கும் காக்காய், எதுவும் மறக்கவில்லை. ஆனால் நேசத்தை மட்டும் எழுதினால் அது இன்னொரு ஏக்கக் கதையாடலாகப் போய்விடும். ஏக்கம் எப்போதும் யாரையாவது விட்டுவிட்டுத்தான் தன் கதையைச் சொல்கிறது. கார் வைத்திருப்பவர்களை மனதில் கொண்டு திட்டமிடப்பட்ட ஒரு இடம் எப்படிக் கார் இல்லாதவர்களின் இடமாகவும் ஆயிற்று என்பதே நான் கேட்டுப் பார்க்க விரும்பும் கேள்வி.

2

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் 'காப்பி கிளப்', 'காப்பி ஹோட்டல்' என்ற பெயர்களில் தமிழ்நாட்டு நகரங்களில் பெருகிய கடைகளின் வரலாற்றைச் சாதியின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத முடியாது. காப்பி எப்படி நடுத்தர வர்க்கப் பிராமணப் பண்பாட்டின் அடையாளமாயிற்று, தேநீர் எப்படி உழைக்கும் மக்களின் பானமாயிற்று என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். காப்பி கிளப்புகளில் பிராமணர்களுக்குத் தனியிடம் இருந்தது. அதை அறிவிக்கப் பலகையும் இருந்தது. ரயில் நிலைய உணவு விடுதிகளில்கூட இந்தப் பிரிவினை இருந்தது. சுயமரியாதை இயக்கம் அதைத் தொடர்ந்து எதிர்த்து, 1941இல் அது நீங்கியது. 'மற்றவர்களுக்கு' என்று ஒதுக்கப்பட்ட பகுதிக்குள்ளும் தாழ்த்தப்பட்டவர்கள் பல இடங்களில் சேர்த்தியில்லை என்பதை இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பிராமணர் / பிராமணரல்லாதார் என்ற எதிர்மையை மட்டும் வைத்து இந்த வரலாற்றை வாசித்தால் வாசலுக்கு வெளியே நின்றவன் பிரதிக்கும் வெளியேதான் நிற்பான்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, சாதியின் பேரால் அங்கே யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு தேசத்தின் ஆதாரச் சட்டம் ஹோட்டலைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது என்பதே போதும், பிரச்சினையின் கனத்தைச் சொல்ல. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் இருந்தது. 1957இல் பெரியார் அதை எதிர்த்து மறியல் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் போய்க் கைதானார்கள். மாதக் கணக்கில் அது நடந்து, கடைசியில் அந்தச் சொல் அழிக்கப்பட்டது.

இந்தப் பின்னணியில்தான் உடுப்பி ஹோட்டல்களின் வெற்றியைப் பார்க்க வேண்டும். கண்டவன் கையில் வாங்கித் தின்னமாட்டேன் என்கிற சமூகத்தில், பிராமணர் சமைத்தால் பெரும்பாலும் எல்லாச் சாதியும் சாப்பிடலாம் என்ற கணக்கு இருந்தது. உடுப்பிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடி மெட்ராஸுக்கு வந்து, சமையற்கட்டு வேலையில் தொடங்கி முதலாளியானவர் கே. கிருஷ்ணராவ். 1938இல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமான பங்களாவை எடுத்து அவர் தொடங்கிய ஹோட்டலுக்கு அந்தப் பங்களாவின் பெயரே ஒட்டிக்கொண்டது: வுட்லண்ட்ஸ். ஐம்பதுகளில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ வுட்லண்ட்ஸ். 1962இல் டிரைவ்-இன். ஜமீன்தாரின் பங்களாவில் தொடங்கியது காரோட்டியின் நிழலுக்கு வந்து சேர்ந்தது. யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு நகரம் போய்க்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சரித்திரம் வேண்டியதில்லை.

3

காரிலிருந்து இறங்காமலே சாப்பிடும் கடை அமெரிக்கக் கண்டுபிடிப்பு. 1921இல் டெக்சாஸின் டல்லாஸ் நகரில் திறக்கப்பட்ட கடையை அதன் ஆரம்பம் என்பார்கள். அதே அமெரிக்காவின் தென்பகுதி நகரங்களில் கறுப்பர்கள் கடையில் பொருள் வாங்கலாம், சாப்பாட்டு மேடைக்கு முன்னால் உட்கார முடியாது. 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நான்கு கறுப்பின மாணவர்கள் அப்படியொரு மேடையின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். காப்பி கேட்டார்கள். தரவில்லை. எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் போராட்டம். முரளி கபேக்கும் கிரீன்ஸ்பரோவுக்கும் நடுவே மூன்று வருஷம். உட்காருவது என்கிற சாதாரணக் காரியம் இரண்டு இடங்களிலும் அரசியலாக இருந்தது.

இதை வைத்து டிரைவ்-இன்னை யோசித்துப் பார்க்கலாம். பொது ஹோட்டலில் ஒருவரின் சங்கடம் என்ன? பக்கத்து நாற்காலியில் யார் என்று தெரியாது. பலகையை எழுதி வைக்க முடியாதபடி சட்டமும் மறியலும் வந்துவிட்டன. அந்த நேரத்தில் அவரவர் இருக்கையை அவரவரே கொண்டுவருகிற ஒரு ஹோட்டல் வருகிறது. பக்கத்தில் யாரும் இல்லை. நான்கு கதவு இருக்கிறது. வீட்டுத் திண்ணையை உருட்டிக்கொண்டு வந்து தெருவில் நிறுத்திச் சாப்பிடுவது மாதிரி. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று மூன்று வகைக் கார்கள்தான் தேசத்தில் செய்யப்பட்ட காலம் அது. காசு கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படி வாங்கிய கார், சாதியின் இடத்தில் வர்க்கத்தை வைத்துப் பழைய தூரத்தைப் புதிய நாகரிகமாக மாற்றிக் கொடுத்தது எனலாம். கிருஷ்ணராவ் இப்படித் திட்டமிட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் காலத்தை அறிந்த வியாபாரி. ஒரு வடிவத்தின் அர்த்தம் அதைக் கொண்டுவந்தவரின் மனசுக்குள் மட்டும் இருப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஹாபர்மாஸ் பொதுக்களம் பற்றிய தன் நூலை ஜெர்மன் மொழியில் வெளியிட்டதும் 1962இல்தான். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் காப்பிக் கடைகளில் அந்தஸ்தை வாசலில் விட்டுவிட்டுத் தர்க்கத்தை மட்டும் ஆயுதமாகக் கொண்டு மனிதர்கள் விவாதித்தார்கள் என்பது அவர் தரும் சித்திரம். அதன் ஆங்கிலமாக்கம் 1989இல் வந்தது. அந்தஸ்து அப்படி வாசலில் நின்றுவிடுவதில்லை. பெண்களும் உழைப்பாளிகளும் அந்தக் களத்துக்கு வெளியே வைக்கப்பட்டே அது 'பொது' ஆயிற்று என்று 1990இல் நான்சி ஃப்ரேசர் மறுத்தார். வெளியே வைக்கப்பட்டவர்கள் தங்களுக்கென எதிர்க்களங்களை உருவாக்கிக்கொண்டார்கள் என்பது அவருடைய வாதத்தின் இன்னொரு பாதி. நமக்கு இது புதுசில்லை. திராவிட இயக்கம் சலூனிலும் டீக்கடை பெஞ்சிலும் படிப்பகத்திலும் வளர்ந்த கதை நமக்குத் தெரியும். அந்த டீக்கடைகளிலேயே, பல கிராமங்களில், இரட்டைக் குவளை தொடர்ந்ததும் தெரியும்.

4

நாங்கள் டிரைவ்-இன்னுக்குப் போனது தோசைக்காக அல்ல. தோசைக்குக் காசு இருக்காது. மரத்தடியில் கார்கள் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போனால் மேசை நாற்காலி போட்ட கூடம் ஒன்று உண்டு. அங்கே போய் மூன்று பேர் உட்கார்ந்து இரண்டு காப்பி சொல்லுவோம். "ரெண்டை மூணாக்கிக் கொண்டாங்க" என்றால் சர்வர் சிரித்துக்கொண்டே மூன்றாவது டம்ளர் கொண்டுவருவார். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுந்திரு என்று சொன்னதில்லை. சின்னப் பத்திரிகைக்கு மெய்ப்புத் திருத்தியிருக்கிறோம். அந்நியமாதல் பற்றி இரண்டு நாள் சண்டை போட்டிருக்கிறோம். பக்கத்து மேசையில் மருந்து கம்பெனிப் பிரதிநிதி பையைத் திறந்து கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். இன்னொன்றில் எல்.ஐ.சி. ஏஜெண்ட் ஒருவர் யாருக்கோ மரணத்தைப் பற்றி மென்மையாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். சினிமாக்காரர்கள் கதை விவாதம் செய்வார்கள். கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேராக வந்து, ஆண்துணை இல்லாமல், அவசரமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எண்பதுகளின் சென்னையில் அதற்குத் தோதான இடங்கள் அதிகமில்லை.

இவர்கள் யாருக்காகவும் அந்த இடம் முதலில் திட்டமிடப்படவில்லை. அலுவலகம் இல்லாதவர்களும், வீட்டில் தனியறை இல்லாதவர்களும், பேச இடமில்லாதவர்களும் மெல்ல மெல்ல வந்து உட்கார்ந்து அதை அப்படி ஆக்கினார்கள். ஹோட்டல் விற்றது காப்பி. நாங்கள் வாங்கியது நேரம். ஒரு காப்பியின் விலைக்கு ஒரு மத்தியானத்தைக் கொடுத்த ஹோட்டல் அது. இதை முதலாளியின் தாராளம் என்று மட்டும் எழுதிவிட முடியாது. இடம் விஸ்தாரமாக இருந்தது. நிலத்தின் விலை இன்னும் ஒவ்வொரு நாற்காலியையும் நிமிஷக் கணக்கில் துரத்தத் தொடங்கவில்லை. தாராளத்துக்கும் ஒரு பொருளாதாரம் உண்டு.

அதற்கு இன்னொரு விலையும் இருந்தது, அதைக் கொடுத்தவர்கள் சர்வர்கள். சமையற்கட்டிலிருந்து கார் நிற்கும் மரத்துக்குத் தூரம் அதிகம். வெயிலிலும் தூறலிலும் தட்டை ஏந்திக்கொண்டு அந்தத் தூரத்தை ஒரு நாளில் எத்தனை முறை நடந்திருப்பார்கள்! காருக்குள் இருப்பவர் இறங்காமல் இருப்பதற்காக இன்னொருவர் நடந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. நான் படித்த நினைவுக் குறிப்புகளில் அவர்களுடைய புன்னகை இருக்கிறது. கால் வலி இல்லை.

1986இல் என் அப்பா கண் காட்டுவதற்காக ஊரிலிருந்து வந்திருந்தார். திரும்பும்போது டிரைவ்-இன்னுக்கு அழைத்துப் போனேன். வாசலில் கார்கள் வரிசையாக உள்ளே போவதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். "காரு இல்லாம உள்ள போலாமாப்பா?" என்று கேட்டார். "போலாம், வாங்க" என்றேன். கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காப்பி வந்தது. டபராவில் ஆற்றி, வாயில் படாமல் தூக்கி ஊற்றிக்கொண்டார். குடித்து முடித்ததும் டம்ளரையும் டபராவையும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து அக்கம்பக்கம் பார்த்தார். குழாயைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிவதற்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குக் கிளாஸ் தனி. குடித்துவிட்டு அவரவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

வயதான சர்வர் ஒருவர் வந்தார். கன்னட வாடையடிக்கிற தமிழில், "வைங்க பெரியவரே, அது என் வேலை" என்று சொல்லி அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். அவருக்கு விஷயம் புரிந்ததா, இல்லை யாரோ கிராமத்து மனுஷர் தெரியாமல் எழுந்துவிட்டார் என்று நினைத்தாரா, தெரியாது. அப்பா மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை நாற்காலியில் முழுசாக. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது, "நல்ல எடம்" என்று மட்டும் சொன்னார்.

அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு அவரிடம் வந்து சேர முப்பத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது. அது வந்து சேர்ந்ததும், தன் கால் வலியைப் பற்றி யாரும் எழுதாத ஒரு தொழிலாளியின் கை வழியாக. அந்த ஹோட்டலைப் பற்றிய என் விமர்சனம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதை என்னால் கடந்துபோக முடியவில்லை. இதை வைத்து அந்த இடமே சமத்துவத்தின் கோயில் என்று எழுதினாலும் பொய்யாகிவிடும். அப்பா வாசலில் நின்று கேட்ட கேள்வியும் அந்த இடத்தின் உண்மைதான். உள்ளே நடந்ததும் உண்மைதான்.

5

அந்த நிலத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1835இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் முயற்சியில் தொடங்கப்பட்ட வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் இருந்த நிலம் அது. காலனியக் கம்பெனிக்கு இந்த மண்ணில் என்னென்ன விளையும் என்ற கணக்கு தேவைப்பட்ட காலத்தில் பிறந்த சங்கம். ஹோட்டல் அங்கே குத்தகைக்காரன். தோட்டக்கலைக்கென்று தரப்பட்ட பொது நிலத்தில் வியாபாரம் நடக்கலாமா என்று அரசு கேட்டது. வழக்கு நீண்டது, 2008இல் நிலம் அரசின் கைக்குப் போயிற்று, ஹோட்டல் மூடப்பட்டது. கேள்வி நியாயமானதுதான். நகரத்தின் நடுவில் இருக்கும் பொது நிலம் யாருக்கு என்று கேட்பதை ஏக்கத்தின் பேரால் தள்ளிவிட முடியாது.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அந்த ஆண்டு நவம்பர் 24 அன்று முதலமைச்சர் மு. கருணாநிதி அதே நிலத்தில் செம்மொழிப் பூங்காவைத் திறந்து வைத்தார். ஏறத்தாழ 20 ஏக்கர். பழைய மரங்கள் பலவற்றை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். அடுக்குமாடிக் கடைவளாகமாக மாறியிருக்கக்கூடிய இடம் பச்சையாகவே இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம். கார் இருக்கிறதா என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. அப்பா இருந்திருந்தால் வாசலில் நின்றிருக்கமாட்டார். கணக்குப் பார்த்தால் பூங்காதான் அதிக ஜனநாயகமானது.

ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தட்டுப்படுகிறது. காப்பி இல்லாத குறை என்றுதான் முதலில் நினைத்தேன். காப்பி நகரத்தில் எங்கும் கிடைக்கிறது. பிறகுதான் புரிந்தது, இல்லாதது மேசை. பூங்காவில் பெஞ்ச் இருக்கிறது. பெஞ்சில் உட்காருகிறவர்கள் ஒரே திசையைப் பார்க்கிறார்கள்: செடியை, குளத்தை, நடந்து போகிறவர்களை. குடும்பமாக வருகிறவர்கள் குடும்பமாகவே இருந்துவிட்டுப் போகிறார்கள். காதலர்கள் காதலர்களாக. அழகாகப் பராமரிக்கப்பட்ட ஒன்றைப் பார்க்கிற இடம் அது. மேசை வேறு மாதிரி. அது மனிதர்களை எதிரெதிரே உட்கார வைக்கிறது. கையை ஊன்ற, தாளை விரிக்க, ஓங்கித் தட்ட இடம் தருகிறது. அந்நியர் வந்து "இந்த நாற்காலி காலியா?" என்று கேட்க வழி வைக்கிறது. எந்த ஊரிலும் பூங்கா செய்கிற வேலை வேறு, அந்த வேலையை இந்தப் பூங்கா நன்றாகவே செய்கிறது. மேசையின் வேலையை யார் செய்வது என்பதுதான் நான் கேட்பது. ஒரு மொழி செம்மொழி ஆவதற்குப் பழைய நூல்கள் வேண்டும். அது வாழ்வதற்கு உட்கார்ந்து சண்டை போட ஒரு இடம் வேண்டாமா?

குளிரூட்டப்பட்ட காப்பிக் கடைகள் இருக்கின்றனவே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கின்றன. அங்கேயும் நேரம்தான் விற்கிறார்கள். ஆனால் அதை விலைப்பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். ஒரு கோப்பையின் விலையைப் பார்த்தாலே யார் உட்காரலாம் என்று தெரிந்துவிடும். பலகை தேவையில்லை.

டிரைவ்-இன்னைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்குள்ளே இரண்டு ஹோட்டல்கள் இருந்தன. ஒன்று காருக்காகக் கட்டப்பட்டது. அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இன்னொன்றை, நடந்து போனவர்கள் இரண்டு காப்பியை மூன்றாக்கி உட்கார்ந்து உட்கார்ந்தே உண்டாக்கினார்கள். சர்வர்கள் அதை நடந்து நடந்து தாங்கினார்கள். அதற்குப் பட்டாவும் இல்லை, குத்தகைப் பத்திரமும் இல்லை. அதனால்தான் அது மூடப்பட்டது யார் கணக்கிலும் ஏறவில்லை.